பிள்ளையின் உடல் பருமனுக்கு யார் பொறுப்பு? பள்ளிச் சாப்பாட்டில் எதை மாற்றச் சொல்லிக் கேட்பது?

ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. பையனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் நடந்த உடல் பரிசோதனைக்குப் பிறகு, 'வயதுக்கு மீறிய எடை, உணவில் கவனம் தேவை' என்று வீட்டுக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. இவர் பள்ளிக்குப் போய், "மதியச் சாப்பாடு உங்களிடம்தானே, கேன்டீனில் என்னதான் விற்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். "வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் எல்லோரும் அம்மாவைத்தான் கேட்கிறார்கள். உண்மையில் இதற்கு யார் பொறுப்பு, பள்ளிச் சாப்பாட்டை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை உண்டா, உண்டென்றால் எதைக் கேட்பது என்கிறார்.

நான் ஊட்டச்சத்து ஆலோசகர். பள்ளிச் சமையலறைகளோடு பல வருடம் வேலை செய்திருக்கிறேன். உரிமை நிச்சயம் உண்டு அம்மா. உங்கள் பிள்ளையின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்று கேட்பதற்கு நீங்கள் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. யார் பொறுப்பு என்ற கேள்விக்கு 'எல்லோரும்தான்' என்று பொதுவாகச் சொல்லி முடிப்பது எனக்குப் பிடிக்காது. எல்லோரும் என்றால் கடைசியில் யாரும் எதையும் செய்வதில்லை. யார் கையில் எது இருக்கிறதோ அதற்கு அவர் பொறுப்பு. அப்படிப் பிரித்துப் பார்த்தால் இந்த விஷயத்தில் மிகக் குறைவாகக் கையில் வைத்திருப்பவன் உங்கள் பையன். ஆனால் திட்டு முழுவதும் அவனுக்குத்தான் போய்ச் சேருகிறது.

முதலில் அந்தச் சீட்டைப் பற்றி. பெரியவர்களுக்கு பி.எம்.ஐ. (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 25-ஐத் தொட்டால் அதிக எடை, 30-ஐத் தொட்டால் பருமன் என்பது பலருக்கும் தெரியும். அதே கணக்கைப் பிள்ளைகளுக்கும் போட்டுப் பார்த்து, 'இருபதுதானே இருக்கிறது, பரவாயில்லை' என்று நினைத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத் தனி அட்டவணை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு அட்டவணைப்படி ஒன்பது வயதுப் பையனுக்கு ஏறத்தாழ 18-லேயே அதிக எடை தொடங்குகிறது, இருபதரை வாக்கில் பருமன். அதனால் சீட்டை அலட்சியம் செய்யாதீர்கள், அதே சமயம் பயந்தும் போகாதீர்கள். அது ஒரு நாள் எடுத்த ஒரு அளவு. பழைய உயரம், எடைக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு ஒரு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்துத் தடித்திருக்கிறதா, தூக்கத்தில் குறட்டை விடுகிறானா, நடக்கும்போது முழங்கால் வலி என்கிறானா என்பதையும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சர்க்கரைக்கும் கல்லீரலுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதுவார்.

வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு எடையைக் குறைக்கத் தேவையில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வயதில் பெரும்பாலும் எடையை ஏறாமல் நிறுத்தினாலே போதும். உயரம் ஏற ஏற பி.எம்.ஐ. தானாக இறங்கும். குறைக்கத்தான் வேண்டும் என்றால் அதை மருத்துவர் சொல்லட்டும்.

அப்புறம், இது உங்கள் ஒரு வீட்டில் மட்டும் நடந்த தவறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலகம் முழுக்க 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 1990-ல் 100-க்கு 8 பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2022-ல் 20 பேர். அந்த 2022-ல் எண்ணிக்கை 39 கோடியைத் தாண்டியது, அதில் பருமன் என்ற நிலையில் இருந்தவர்கள் மட்டும் 16 கோடி. இவை உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குகள். 2025-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கைப்படி பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களைவிடப் பருமனானவர்கள் இப்போது அதிகம். உடல்வாகு பரம்பரையாக வருவது உண்மைதான். ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு ஒரு பிள்ளை ஒல்லியாகவும் இன்னொன்று பருமனாகவும் இருப்பதற்கு மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் முப்பது வருடத்தில் மனிதனின் மரபணு மாறிவிடாது. உலகம் முழுக்க உள்ள அம்மாக்கள் ஒரே சமயத்தில் அக்கறை இல்லாதவர்களாக மாறிவிடவும் மாட்டார்கள். பிள்ளைகளைச் சுற்றி விற்கப்படுவதும், விளம்பரம் செய்யப்படுவதும், அவர்கள் ஓடியாடும் நேரமும் மாறியிருக்கிறது.

வீட்டின் பங்கை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுதான் இன்றைக்கே உங்கள் கையில் இருப்பது. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் சொன்ன ஒரு பங்கீடு உண்டு. நான் பார்க்கும் எல்லாப் பெற்றோரிடமும் அதைச் சொல்கிறேன். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். அதில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். "என்ன வேணும்?" என்று பிள்ளையைக் கேட்டுச் சமைக்கிறோம், டி.வி. முன்னால் கொடுக்கிறோம், பிறகு "தட்டைக் காலி பண்ணு" என்று அளவை மட்டும் நாம் தீர்மானிக்கிறோம். பசி எங்கே முடிகிறது என்று பிள்ளையின் உடம்புக்குத் தெரியும். தினமும் அதையும் மீறி இன்னும் நாலு வாய் ஊட்டினால் அந்த உணர்வு மங்கிப்போகும்.

வீட்டில் ஒரே ஒரு மாற்றம்தான் முடியும் என்றால் குடிப்பதிலிருந்து தொடங்குங்கள். 330 மி.லி. கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாள் உணவில் கிடைக்கும் ஆற்றலில் (கலோரியில்), சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் என்பது சுமார் 20 கிராம்தான். ஒரே பாட்டிலில் ஒன்றரை நாள் கணக்கு தாண்டிவிடுகிறது, வயிறும் நிறைவதில்லை. பழச்சாறும் இதே கணக்கில்தான் வரும், வீட்டில் பிழிந்ததாக இருந்தாலும். பழத்தைப் பழமாகவே கொடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர்.

தூக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 6 முதல் 12 வயதுக்கு இரவில் 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். குறைவாகத் தூங்கும் பிள்ளைக்கு மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும், ஓடி விளையாடத் தெம்பு குறையும். போனைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது பல வீடுகளில் உணவு அட்டவணையைவிடப் பெரிய வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். பையனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு, தம்பி தங்கைக்கு வேறு சாப்பாடு என்று வைக்காதீர்கள். வீட்டுக்கே ஒரே சமையலாக இருக்கட்டும். 'குண்டு' என்ற சொல் செல்லமாகக்கூட வேண்டாம், தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். கேலி செய்தால் பிள்ளை ஒளித்துச் சாப்பிடுமே தவிரக் குறைத்துச் சாப்பிடாது.

சரி, இனி பள்ளி. வருடத்துக்கு 1,095 வேளைச் சாப்பாடு. பள்ளி நாட்கள் சுமார் 200 என்று வைத்துக்கொண்டால் பள்ளியில் சாப்பிடுவது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 'வீட்டைப் பாருங்கள்' என்று பள்ளி சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் பள்ளியில் கிடைக்கும் ஒரு வேளைக்குத் தனி முக்கியத்துவம் இருக்கிறது. பள்ளி கொடுப்பதைச் சரியானது என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. கூடப் படிப்பவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் சாப்பிடப் பழகுகிறது. பல வீடுகளில் நல்ல காய்கறிச் சாப்பாடு கிடைப்பதே பள்ளியில்தான். அதனால் பள்ளி இதில் கையைக் கழுவிக்கொள்ள முடியாது.

பள்ளிச் சாப்பாடு என்றதும் எல்லோரும் மெனு அட்டையைத்தான் கேட்கிறார்கள். நான் கழிவுத் தொட்டியைப் பார்ப்பேன். ஒரு பள்ளியில் முதல் நாள் மதியம் முழுவதும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். மெனுவில் தினமும் ஒரு காய் இருந்தது, காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் வரிசையாக வந்த தட்டுகளில் சோறு தீர்ந்திருந்தது, பொரித்தது தீர்ந்திருந்தது, காய் மட்டும் வைத்தது வைத்தபடி தொட்டியில் விழுந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். பீன்ஸ் குழைந்து, பழுப்பு நிறமாகி, தண்ணீர் விட்டிருந்தது. சமையல்கார அம்மாவிடம் கேட்டால், "ஒன்பதரைக்கே வேக வைத்து இறக்கிவிடுவேன் சார், பன்னிரண்டே முக்காலுக்குத்தான் பரிமாறுவார்கள். மூன்று மணி நேரம் மூடி போட்டு இருந்தால் எந்தக் காயும் இப்படித்தான் ஆகும்" என்றார். அவருக்குக் காரணம் முழுக்கத் தெரிந்திருந்தது. அதுவரை அவரை யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் காயை இரண்டு ஈடாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பரிமாறுவதற்கு அரை மணி முன்னால் வேக வைத்தார். கூடுதல் செலவு எதுவும் இல்லை, அடுப்பு ஒதுக்கும் முறைதான் மாறியது. தொட்டியில் விழுந்த காய் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது. பள்ளிச் சாப்பாட்டுக் குழு என்று ஒன்று அமைத்தால் அதில் முதல் நாற்காலி சமையல் செய்கிறவருக்குப் போக வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டாவது விஷயம் நேரம். அதே பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரிசையில் கடைசி. தட்டோடு உட்காரும்போது மணி அடிக்க ஏழு நிமிடம்தான் பாக்கி. அவள் முதலில் இனிப்பைச் சாப்பிட்டாள், அடுத்து பொரித்ததை. பருப்பும் காயும் சாப்பிட மெல்ல வேண்டும், அதற்கு நேரம் இல்லை. ஏழு நிமிடத்தில் நானும் அதையேதான் தேர்ந்தெடுத்திருப்பேன். தட்டோடு உட்கார்ந்த பிறகு குறைந்தது இருபது நிமிடம் பிள்ளைக்கு வேண்டும். வரிசையில் நிற்கும் நேரம் இந்தக் கணக்கில் வராது. முடிந்தால் விளையாட்டு இடைவேளையைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் வைத்தால் மைதானத்துக்கு ஓடும் அவசரத்தில் பாதித் தட்டு தொட்டிக்குப் போகும். முன்னால் வைத்தால் பிள்ளைகள் பசியோடு வந்து நிதானமாக உட்காருகிறார்கள்.

அளவு இன்னொன்று. ஆறு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் ஒரே கரண்டி, ஒரே எண்ணிக்கை என்று பரிமாறும் பள்ளிகள் நிறைய. சின்னதுக்கு அதிகம், பெரியதுக்குப் போதாது. போதாத பெரிய பிள்ளை நேராகக் கேன்டீனுக்குப் போகும். இரண்டு அளவில் கரண்டி வாங்கினால் தீர்கிற பிரச்சினை இது. முதலில் கொஞ்சம் வைத்து, கேட்டால் மறுபடி வைப்பது இன்னும் நல்லது.

புதிய காயை இரண்டு முறை போட்டுவிட்டு, 'பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். ஒரு புதிய சுவை பழக எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து முறைகூட ஆகும். ஒரு சிட்டிகை ருசி பார்த்தாலே ஒரு முறை. வற்புறுத்தினால் அந்த எண்ணிக்கை பயனில்லாமல் போகும்.

கேன்டீனைப் பற்றி எல்லோரும் கடைக்காரரைத் திட்டுகிறார்கள். என் அனுபவத்தில் பிரச்சினை பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதிக வாடகை கொடுக்கிறவருக்குக் கேன்டீன் என்று பள்ளி விட்டிருக்கும். வாடகையை எடுக்க அவர் லாபம் அதிகமுள்ள, கெட்டுப்போகாத, பிள்ளைகள் உடனே கேட்கிற பாக்கெட் பண்டத்தையும் இனிப்புக் குளிர்பானத்தையும் அடுக்குவார். அவர் செய்வது வியாபாரம். எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்கு ஏற்றபடி வாடகையைக் குறைப்பது பள்ளி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்று கேட்டு, அதற்கு இரண்டு மாதம் முன்னால் உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். நடுவில் கேட்டால் 'ஒப்பந்தம் இருக்கிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

வகுப்பறையிலும் சில விஷயங்கள் உண்டு. கணக்கைச் சரியாகப் போட்டால் மிட்டாய் கொடுப்பது. பிறந்தநாள் என்றால் வகுப்பு முழுக்க இனிப்பு, நாற்பது பிள்ளைகள் என்றால் வருடத்தில் நாற்பது நாள். தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவது, தேர்வு வந்துவிட்டது என்று விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுப்பது. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைக்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விளையாட்டுப் பாடவேளையைக் காப்பாற்றுவது ஆசிரியர்களால் இன்றைக்கே முடிகிற காரியம். பெற்றோரும் அதைக் கேட்க வேண்டும். மதிப்பெண்ணுக்காக நாமே அதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பள்ளி மட்டும் தனியாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சம்பவம் உண்டு. 2005-ல் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் பள்ளிச் சாப்பாட்டின் தரத்தைப் பற்றிப் பெரிய இயக்கம் நடத்தினார், அரசும் தரக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. 2006-ல் ராதரம் பகுதியில் ஒரு பள்ளியில் புதிய மெனு பிடிக்காத பிள்ளைகளுக்குச் சில அம்மாக்கள் வெளியே வாங்கிய பர்கரையும் சிப்ஸையும் வேலி வழியாகக் கொடுத்தார்கள். செய்தித்தாள்கள் அந்த அம்மாக்களைக் கேலி செய்தன. எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. பிள்ளை பசியோடு இருக்கிறது என்று நினைத்த அம்மா வேறென்ன செய்வார்? மெனுவை மாற்றுவதற்கு முன்னால் பெற்றோரை உட்கார வைத்துப் பேசியிருந்தால், பிள்ளைகளுக்கு ருசி பார்க்கக் கொடுத்துக் கேட்டிருந்தால் அந்த வேலிக்கு வேலை இருந்திருக்காது.

ஜப்பானில் பள்ளிச் சாப்பாட்டுக்கு 1954-லிருந்தே சட்டம் உண்டு. 2005-ல் உணவுக் கல்விக்கென்று தனிச் சட்டமும் வந்தது, பள்ளிகளில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பதவியும் வந்தது. பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளே வெள்ளை உடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் அதே சாப்பாட்டை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் தலைமையாசிரியர் போன்ற பொறுப்பான ஒருவர் அன்றைய சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்கிறார். பணக்கார நாடுகளில் பிள்ளைகளின் பருமன் குறைவாக இருக்கும் நாடு அது. அதற்குப் பள்ளிச் சாப்பாடு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், நடந்து பள்ளிக்குப் போவது முதல் வீட்டுச் சமையல் வரை பல உண்டு. ஆனால் அங்கே மதியச் சாப்பாடு பாடத்தின் ஒரு பகுதி. மற்ற பல இடங்களில் பாடத்துக்கு நடுவில் வரும் இடைஞ்சல் மாதிரி அதைக் கழிக்கிறார்கள்.

வீடும் பள்ளியும் என்ன செய்தாலும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. பாக்கெட்டுக்குள் என்ன போடுவது, அதன் மேல் எந்தக் கார்ட்டூன் பொம்மையை அச்சடிப்பது என்பதை நீங்களும் தலைமையாசிரியரும் தீர்மானிக்க முடியாது. அங்கே அரசும் தயாரிப்பாளரும்தான் பொறுப்பு. சிலி நாட்டில் 2016-லிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி எல்லை மீறிய பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண முத்திரை போட வேண்டும். முத்திரை உள்ளதைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது, அதில் பிள்ளைகளை இழுக்கும் பொம்மைப் படமும் போடக் கூடாது. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் குளிர்பானங்களுக்குச் சர்க்கரை அளவை வைத்து வரி வந்தது, 100 மி.லி.-க்கு 5 கிராமைத் தொட்டால் ஒரு வரி, 8 கிராமைத் தொட்டால் அதைவிட அதிகம். இரண்டு வருடம் முன்னாலேயே அறிவித்துவிட்டதால் பல நிறுவனங்கள் வரி கட்டுவதற்குப் பதிலாகச் சர்க்கரையையே குறைத்துவிட்டன. எந்தப் பிள்ளையையும் யாரும் எதுவும் சொல்லாமலே அது குடித்த சர்க்கரை குறைந்தது. தனி மனிதக் கட்டுப்பாடுதான் எல்லாம் என்று பேசுகிறவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

இப்போது உங்களுக்கு. தனியாகப் போகாதீர்கள், இன்னும் நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒல்லியான பிள்ளைகளின் பெற்றோரும் இருக்கட்டும். இது குண்டுப் பிள்ளைகளின் பிரச்சினை என்று ஆகிவிட்டால் உங்கள் பையனுக்குத்தான் வலிக்கும். நல்ல சாப்பாடு எல்லாப் பிள்ளைக்கும் வேண்டியது. உடல் பரிசோதனைச் சீட்டுகளைப் பிள்ளைகள் கையில் திறந்து கொடுக்காமல், உறையில் போட்டுப் பெற்றோருக்கு அனுப்பச் சொல்லுங்கள். கேன்டீன் ஒப்பந்த தேதி, உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கும் நிமிடம், குடிதண்ணீர் குழாய் சாப்பாட்டுக் கூடத்துக்குள் இருக்கிறதா, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு மாற்றம் என்று கேட்டால் எதிர்ப்பு குறையும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு நாள் மதியம் பள்ளிக்குப் போக அனுமதி கேளுங்கள். தலைமையாசிரியரையும் கூட அழைத்துக்கொண்டு, உங்கள் பையனின் வகுப்பு நிற்கும் வரிசையிலேயே கடைசியாக நில்லுங்கள். அவனுக்கு வைக்கும் அதே தட்டு, அதே அளவு, அதே மணி அடிக்கும் வரை. சாப்பிட்டு முடித்ததும் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று, எது திரும்பி வருகிறது என்று பாருங்கள். பார்த்ததை அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு, சமையல் செய்கிறவரிடம் போய் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.